படிக்கட்டில் எடுத்த அளவு

தோட்டத்து லயம்,
கோத்தா திங்கி.
5-3-1934

சதாசிவம் மாமாவுக்கு,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் வெறும் பெயரோடு தொடங்குகிறேன்.

நீங்கள் என் அம்மாவின் தம்பி. வெற்றிக்கொடி பந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசி. நேற்றுச் சாயங்காலம் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முதலாவதை மறந்துவிட்டீர்கள்.

பயிற்சி முடிந்து அர்ச்சுனன் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் விளக்குச் சிம்னி துடைத்துக்கொண்டிருந்தேன். சங்கம் கொடுத்த புதுச் சப்பாத்து இரண்டையும் வாரால் முடிந்து தோளில் போட்டிருந்தார். வந்ததும் வராததுமாக அதை எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சுவரில் வீசி அடித்தார். அம்மா என்னவென்று கேட்டாள். அவரோடு ஆடுகிற செல்லப்பன் அண்ணன்தான் பின்னாலேயே வந்து சொன்னார்.

"அஞ்சு பேரையும் வரிசையா நிக்க வச்சி பேர அடிச்சிட்டாங்க அத்தே. தோட்டத்துக் காலு சப்பாத்துக்கு ஆவாதாம். வேற யாரும் சொல்லல, ஒங்க தம்பிதான் சொன்னாரு. கைய பின்னால கட்டிக்கிட்டு, அப்படியே தொரை மாதிரி லா!"

அவர் எதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறவர். நேற்று அவர் சிரித்தது பார்க்க நன்றாக இல்லை.

மாமா, அந்தத் திடல் முன்பு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆற்று வெள்ளம் வந்தால் முட்டியளவு தண்ணீர் நிற்கும். ஓய்வுநாள் என்று கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து ஜனங்கள் கூடையில் மண் சுமந்து அதை உயர்த்தினார்கள். கல் உருளையை மாடு இழுக்கவில்லை. அண்ணனும் செல்லப்பன் அண்ணனும் மற்ற மூவரும் தோளில் கயிறு போட்டு இழுத்தார்கள். நானும் அம்மாவும் புல்லுக்கு நடுவே கல் பொறுக்கினோம். மேலே காரியாலயமும் ஹாலும் வாசகசாலையுமாக இப்போது நிற்கிற அந்தப் பலகை வீட்டுக்கு மரம் சுமந்ததும் அவர்கள்தான். வீடு கட்டி முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் அவர்களுடைய கால் உங்களுக்கு ஆகாமல் போய்விட்டது.

சித்திரையில் ஜொகூர் பாரு அணியோடு கிண்ண ஆட்டம் வருகிறது. இடது ஓரத்தில் அண்ணனைப் போல ஓடுகிற ஒருவரை டவுனில் காட்டுங்கள் பார்ப்போம். ஐந்து பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டும். இதைத்தான் கேட்கிறேன்.

வாசகசாலையில் படித்துக் கழித்த பத்திரிகைகளை நீங்கள் எனக்கு அனுப்புவீர்களே, அவற்றைப் படித்துத்தான் நான் இப்படி எழுதக் கற்றேன். ஆகையால் இந்தக் கடிதத்தில் உள்ள கோபத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

வெள்ளையம்மா

(லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.)


வெற்றிக்கொடி பந்தாட்டச் சங்கம்,
காரியாலயம், கோத்தா திங்கி.
9-3-1934

வெள்ளையம்மாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. பதினான்கு வயதுப் பெண் பெரியவர்களுக்கு எழுதும் முறை அதுவல்ல. உன் வாத்தியாரைப் பார்த்தால் சொல்கிறேன்.

உனக்குத் தெரியாத விஷயங்களைத் தெரிவிக்கிறேன். இந்த வருஷம் முதல் சப்பாத்து இல்லாதவர்களைக் கிண்ண ஆட்டத்தில் இறக்கக் கூடாது என்று போட்டி நடத்துபவர்கள் விதி செய்திருக்கிறார்கள். நான் செய்த விதியல்ல. அதற்காகச் சங்கம் டவுன்காரர், தோட்டத்துக்காரர் என்று பேதம் பாராமல் எல்லோருக்கும் காலுக்குக் கால் அளவெடுத்து, ஜொகூர் பாருவில் நல்ல பெயருள்ள சீனர் கடையில் சப்பாத்து தைத்து வாங்கிக் கொடுத்தது. அளவு எடுத்தவன் நானே. டவுன்காரர்கள் அதை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், பந்தை உதைக்கிறார்கள். உன் அண்ணனும் மற்ற நால்வரும் நொண்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயிற்சியைப் பார்த்தார். அவருடன் வெளியூர்ப் பிரமுகர் இருவர். அவர்கள் முன்னிலையில் உன் அண்ணன் ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றித் திடலுக்கு வெளியே எறிந்தான். "என்ன சதாசிவம், உங்க ஆளுங்களுக்குக் கால்ல பூட்டு மாட்டினாப்ல இருக்கா?" என்று தலைவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். 'உங்க ஆளுங்க' என்றதைக் கவனி. அந்த ஹாலில் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கிடைக்க நான் பட்ட பாடு உன் பத்திரிகைகளில் வராது.

அதன் பிறகே நான் சொன்னதைச் சொன்னேன். பழக்கமில்லாத கால் சப்பாத்துக்கு வராது என்பது உள்ளதுதான். அதில் வசை எதுவும் இல்லை.

படிப்பில் கவனம் வை. பந்து விஷயம் உனக்கு வேண்டாம்.

தி. சதாசிவம்
காரியதரிசி


தோட்டத்து லயம்.
15-3-1934

மாமாவுக்கு,

பந்து விஷயம் வேண்டாம் என்றீர்கள். சரி. கால் விஷயம் எழுதுகிறேன்.

பழக்கமில்லாத கால் என்றீர்களே, அண்ணன் அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நான் சொல்கிறேன். சுவரில் எறிந்த அதே சப்பாத்தை மறுநாள் எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தார். தேங்காய் எண்ணெய் பூசினார். அதைப் போட்டுக்கொண்டே ரப்பர் மரம் சீவப் போனார். பால் வாளியோடு அவர் நொண்டுவதைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் "அலமாக்! கல்யாண மாப்பிள்ளை வாறாரு, வழி விடுங்க" என்றாராம். மூன்றாம் நாள் சாயங்காலம் கழற்றும்போது கட்டைவிரல் நகம் கூடவே வந்தது. சுண்டுவிரல் பக்கம் தோலே இல்லை. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் காலைக் கழுவினாள். பிறகு உங்களைத்தான் பேசினாள்.

"நான் வெறுங்காலோட காட்டுல மரம் சீவித்தான் அவன படிக்க வச்சேன். அந்தக் காலு அப்ப ஆச்சு அவனுக்கு."

இதை நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

அன்றைக்கு எனக்குப் புத்தகம் படிக்க முடியவில்லை. ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கடை, ஒரே தோல், ஒரே தையல். டவுன்காரர் ஆறு பேருக்கும் சரியாக இருக்கிறது. எங்களவர் ஐந்து பேருக்கும் சிறிதாக இருக்கிறது. ஒருவருக்குத் தவறலாம், இரண்டு பேருக்குத் தவறலாம். ஐந்து பேருக்கும், ஐந்து பேருக்கு மட்டும், எப்படித் தவறும்?

அப்போதுதான் நீங்கள் அளவெடுத்த நாள் ஞாபகம் வந்தது. அன்று அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்து நானும் அங்கே இருந்தேன். நீங்கள் பழைய பத்திரிகைத் தாளைத் தரையில் விரித்து, காலைச் சுற்றி சிவப்புப் பென்சிலால் கோடு போட்டீர்கள். டவுன்காரர்கள் காலுறை போட்டிருந்தார்கள். ஹாலுக்குள்ளே போய்த் தாள்மேல் நின்றார்கள். எங்களவர்கள் வாசல்வரை வந்தார்கள். அங்கே பலகை மாட்டியிருக்கிறது அல்லவா, 'வெறுங்காலுடன் உள்ளே வரக்கூடாது' என்று. புதுத் தரை, மெழுகு போட்டிருக்கிறது, காலில் சேறு என்றீர்கள். அதனால் அவர்களைப் படிக்கட்டில் உட்காரச் சொல்லி, கீழ்ப்படியில் தாளை வைத்து, உட்கார்ந்தபடியே கோடு போட்டீர்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு தாளைப் போட்டு, பெஞ்சியில் உட்கார்ந்து என் காலைச் சுற்றிக் கோடு போட்டேன். பிறகு அதே தாளில் அதே காலை வைத்து, எழுந்து, முழுப் பாரத்தையும் போட்டு நின்று, தங்கச்சியைக் கோடு போடச் சொன்னேன். இரண்டாவது கோடு முதல் கோட்டை விட்டு வெளியே வந்துவிட்டது, மாமா. முன்னாலும் வந்தது, பக்கத்திலும் வந்தது. அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் அதிகம். அண்ணனுக்குப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. அவர் நிற்கும்போது விரல்கள் ஐந்தும் விசிறி மாதிரி விரிகின்றன. பிறந்ததிலிருந்து வெறும் மண்ணில் நிற்கிற கால் அப்படித்தானே விரியும்.

உட்கார்ந்த காலுக்குச் சப்பாத்து தைத்துக் கொடுத்துவிட்டு, நிற்கிற காலைத் திட்டுகிறீர்கள்.

தரை கெட்டுவிடும் என்பதற்காகத்தானே படிக்கட்டு? போன வாரம் சங்கத்துக்குப் பசும்பால் கொண்டுபோன பையன் சொன்னான், டவுன்காரர்கள் பயிற்சி முடிந்து சப்பாத்தோடு ஹாலுக்குள் போகிறார்களாம். அடியில் குமிழ் வைத்த சப்பாத்து. தரை முழுக்கப் பூனை பிறாண்டியது போல இருக்கிறதாம். அவர்களை யாரும் படிக்கட்டில் உட்காரச் சொல்லவில்லை.

என் கால் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீங்களும் நின்று பாருங்கள்.

வெள்ளையம்மா


கோத்தா திங்கி.
22-3-1934

வெள்ளையம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று முதலில் நினைத்தேன்.

தாளில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

ஆனால் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இதை நான் கமிட்டியில் எப்படிச் சொல்வது? 'ஐயா, காரியதரிசி அளவெடுக்கத் தெரியாமல் எடுத்துவிட்டான், ஐந்து ஜோடி வீண்' என்றா? உடனே அவர்கள் கேட்பது, ஏன் உட்கார வைத்து எடுத்தாய் என்பது. நீங்கள் மாட்டச் சொன்ன பலகைதான் காரணம் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் பலகை போகாது. நான் போவேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவனைக் காரியதரிசி நாற்காலியில் உட்கார வைத்தது தவறு என்று சொல்லக் காத்திருப்பவர்கள் அந்தக் கமிட்டியில் இருக்கிறார்கள். நீ படிக்கட்டைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறாய். அந்த மாதிரிப் படிக்கட்டுகளில் எத்தனை வருஷம் உட்கார்ந்து மேலே வந்தேன் என்று உனக்கு என்ன தெரியும்?

ஒன்று செய்யலாம். அர்ச்சுனனுக்கு மட்டும் நான் என் பொறுப்பில் வேறு ஜோடி தைத்துத் தருகிறேன். பழைய சப்பாத்தே இளகி வழிக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவனுடைய இடத்துக்கு நான் தலைவரிடம் பேசுகிறேன். நின்றபடி எடுத்த அளவை டிரைவரிடம் கொடுத்தனுப்பு. மற்ற நால்வரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அக்காளிடம் நான் தப்பாக எதுவும் நினைத்துப் பேசவில்லை என்று சொல்.

சதாசிவம்


தோட்டத்து லயம்.
26-3-1934

மாமாவுக்கு,

நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லிவிட்டேன். ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன்.

செல்லப்பன் அண்ணன்தான் தொடங்கினார். "போடா அர்ச்சுனா, மாமன் வூட்டுச் சீரு வருது, வாங்கிக்க. நாங்க கரையில நின்னு குலவை போடுறோம்."

அண்ணனுக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். புண் காலோடு நின்றார். "எழுது வெள்ளையம்மா. அஞ்சு பேரு சேந்துதான் உருளைய இழுத்தோம். எனக்கு மட்டும் சப்பாத்துன்னா, மாமாவே அத போட்டுக்கிட்டு ஆடட்டும்னு எழுது." சொன்னபடி எழுதிவிட்டேன். நீங்கள் போட்டுக்கொண்டு ஆட வேண்டிய சப்பாத்தை, அதுதான் அண்ணனின் பழைய ஜோடியை, இத்துடன் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். மற்ற நாலு ஜோடியும் அதே கோணியில் இருக்கின்றன.

இன்னொன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் லயத்திலிருந்து யாரும் திடலுக்கு வர மாட்டார்கள். புல் வெட்ட, வாய்க்கால் தோண்ட, உருளை இழுக்க, கோல்கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க, பந்தின் உள்பை ஓட்டையானால் ரப்பர் பால் பூசி ஒட்ட, ஒன்றுக்கும் இல்லை. இது என் யோசனை அல்ல, அம்மாவின் யோசனை. அவளுக்கு எழுதத் தெரியாது, ஆனால் எந்த வேலை நின்றால் எது நிற்கும் என்று தெரியும். "டவுன்காரங்களுக்குத்தான் நல்ல சப்பாத்து இருக்கே, சேத்துல எறங்கி இழுக்கட்டும்" என்கிறாள்.

நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து மேலே வந்ததை எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன். எனக்கு அழுகைதான் வந்தது. அதோடு இன்னும் கோபமும் வந்தது. ஏறி வந்த பிறகு அந்தப் படியில் மற்றவரை உட்கார வைத்தது நீங்கள்தானே?

நாங்கள் கேட்பது: ஐந்து பேருக்கும் புதிதாக அளவெடுக்க வேண்டும். ஹாலுக்குள். நின்றபடி.

வெள்ளையம்மா


கோத்தா திங்கி.
5-4-1934

வெள்ளையம்மாவுக்கு,

உன் அம்மா நினைத்தது நடந்துவிட்டது. திருப்தியா? மழை விடாமல் பெய்கிறது. வாய்க்கால் அடைத்துக்கொண்டு கோல் முன்னால் குளம் நிற்கிறது. புல் கணுக்கால் அளவு. டவுன்காரர்களிடம் உருளையை இழுக்கச் சொன்னேன். நால்வர் கயிற்றைத் தொட்டுவிட்டு முதுகுவலி என்றார்கள். கோல்காக்கும் ஆதம் மட்டும் கடைசிவரை இழுத்தான். தனியாக உருளையை நகர்த்த முடியாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "மாமூ, அஞ்சு பேரு இழுத்தத நான் ஒருத்தன் இழுக்குறேன், எனக்கு அஞ்சு ஜோடி சப்பாத்து குடுங்க" என்று கத்தினான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

கமிட்டியில் பேசினேன். அளவில் பிழை என்று சொன்னேன். யார் பிழை என்று கேட்டார்கள். என் பிழை என்றேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், சிரித்தார்கள். திடல் கிடக்கிற கிடப்பைப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றிப் புது அளவுக்குச் சம்மதித்தார்கள்.

ஹாலுக்குள் முடியாது. அதைக் கேட்டேன். நம்பினால் நம்பு, கேட்டேன். தலைவர், "அளவுதானே வேணும்? மண்ணுல நின்னாலும் அளவு அளவுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானே தோட்டத்துக்கு வருகிறேன். பெரட்டுக் களத்தில் ஐந்து பேரையும் இருக்கச் சொல்.

சதாசிவம்


தோட்டத்து லயம்.
9-4-1934

மாமாவுக்கு,

நேற்று நீங்கள் வந்துபோன பிறகு அம்மா வெகுநேரம் வாசலில் நின்றாள். உங்களுக்குத் தண்ணீர் கொடுக்காததற்காக என்று நினைக்கிறேன். கேட்டால் "உள்ள கொசு" என்கிறாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற களத்தில், வெள்ளைச் சட்டையோடு நீங்கள் முழங்காலிட்டு அண்ணனின் காலைச் சுற்றிக் கோடு போட்டதை லயமே வந்து பார்த்தது. "நல்லா மிதிச்சு நில்லு" என்று அண்ணனிடம் சொன்னீர்கள். கட்டைவிரல் புண்ணின் மேல் பென்சில் படாமல் கையை வளைத்துக் கொண்டுபோனீர்கள். அதை நான் கவனித்தேன். கவனித்ததை எழுதாமல் விட்டால் நியாயம் இல்லை.

ஆனால் மண்ணில் நின்றாலும் அளவு அளவுதான் என்று உங்கள் தலைவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அண்ணன் போதும் என்கிறார். "ஆட்டம் ஆடணும் வெள்ளையம்மா, எனக்கு ஆட்டம் ஆடணும்" என்கிறார். அவரோடு நேற்றிலிருந்து நான் பேசவில்லை. நாங்கள் இரண்டு கேட்டோம், ஒன்று கிடைத்தது. பாதியை வாங்கிக்கொண்டு முழுதாகச் சிரிக்க எனக்குத் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் உருளை இழுக்கப் போகிறார்கள். நான் கல் பொறுக்க வர மாட்டேன்.

வெள்ளையம்மா


கோத்தா திங்கி.
25-4-1934

வெள்ளையம்மாவுக்கு,

ஐந்து ஜோடியும் வந்துவிட்டன. நேற்று மாட்டி ஓடினார்கள். உன் அண்ணன் பந்தை உதைத்ததில் ஆதம் அதோடு சேர்ந்து வலைக்குள் போனான். பெயர்ப் பட்டியலில் ஐவரும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஹாலில் இரு அணிகளுக்கும் தேநீர். ஆதமின் தகப்பனார் கடையிலிருந்து வருகிறது. இப்போது சப்பாத்து இருக்கிறது, ஆகவே நம்மவர்கள் உள்ளே வருவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல். இதோடு எல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

இரண்டு மாதப் பத்திரிகைகளைக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

சதாசிவம்


தோட்டத்து லயம்.
30-4-1934

மாமாவுக்கு,

பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று நடந்ததை நீங்கள் மேல்படியில் இருந்து பார்த்தீர்கள். நான் கயிற்றுக்கு வெளியே, பெண்களோடு, கீழே இருந்து பார்த்தேன். கீழே இருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். அண்ணன் போட்ட கோலுக்கு ஜொகூர் பாரு ஆட்களே கை தட்டினார்கள். அண்ணனோடு பேசாமல் இருந்ததை மறந்து பேரைச் சொல்லிக் கத்தினேன். அந்த நிமிஷம் எனக்கு உங்கள் மேலும் கோபம் இல்லை. ஒரு கால்மணி நேரம் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

பிறகு எல்லோரும் வீட்டை நோக்கி வந்தார்கள். தலைவர் வாசலில் நின்றுகொண்டு, "வாங்கப்பா, வாங்க! இன்னிக்கி நீங்களும் உள்ளதான்!" என்றார்.

அண்ணன் நின்றுவிட்டார். "இன்னிக்கி மட்டுமா மொதலாளி?"

"சப்பாத்துதான் போட்டிருக்கியே, அப்புறம் என்ன லா?"

தலைவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நீங்கள் சொல்வீர்கள். அவருக்குப் பின்னால் அந்தப் பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். படிக்கட்டில் உட்கார்ந்தார். சப்பாத்து வாரை அவிழ்த்தார். செல்லப்பன் அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்தார். பிறகு மற்ற மூவரும். ஐந்து ஜோடியையும் எடுத்து, வாசல் நிலைக்கு உள்ளே, முனை ஹாலைப் பார்க்க, வரிசையாக வைத்தார்கள். அவர்கள் கால் நிலையைத் தாண்டவில்லை.

"இதுங்கதானே உள்ள வரலாம்? இதுங்களுக்கு டீ ஊத்துங்க" என்றார் அண்ணன்.

"என்னோடதுக்குச் சீனி கம்மி, மொதலாளி" என்றார் செல்லப்பன் அண்ணன்.

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் என் அம்மா. ஆதம் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து குடித்தார். நீங்கள்தான் மேலே இருந்து, "அர்ச்சுனா! மானத்த வாங்காத. ஏறி வா!" என்று கத்தினீர்கள்.

யாருடைய மானம், மாமா?

அவர்கள் வெறுங்காலோடு தோட்டத்துக்கு நடந்து வந்தார்கள். நாங்கள் எல்லோரும் கூடவே நடந்தோம். அண்ணன் இனி ஆடுவாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆட்டத்துக்கு அவர் மனம் எப்படித் துடிக்கிறது என்று எனக்குத் தெரியும், தூக்கத்தில் கால் உதைக்கிறார். ஆனால் அந்தப் பலகை இருக்கும்வரை அவர் வர மாட்டார். மற்றவர்களும் வர மாட்டார்கள். சப்பாத்துகள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து ஆடிக்கொள்ளுங்கள்.

வெள்ளையம்மா


கோத்தா திங்கி.
3-5-1934

வெள்ளையம்மாவுக்கு,

உனக்கு எழுதிய முதல் பதிலைக் கிழித்துவிட்டேன். அதில் இருந்தது எல்லாம் உன்னைத் திட்டியது. உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

யாருடைய மானம் என்று கேட்டிருந்தாய். என்னுடையதுதான். அவன் சப்பாத்தைக் கழற்ற உட்கார்ந்ததும், அங்கே நான் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதனால் கத்தினேன்.

தலைவர் ஐந்து ஜோடியையும் ஆற்றில் எறியச் சொன்னார். எறியவில்லை. வைத்த இடத்திலேயே இருக்கின்றன. வருகிறவர்கள் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள், முணுமுணுக்கிறார்கள்.

இன்று மத்தியானம் பலகையைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை. ஆணி நான் அடித்ததுதான், வர மாட்டேன் என்றது, சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்ப வேண்டியிருந்தது. சுவர் மரமும் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. தலைவர் வெள்ளிக்கிழமை வருவார். திரும்ப மாட்டு என்பார். வேறு காரியதரிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறேன். அவர் எதிரில் நிற்கும்போது எனக்கு அது வாயில் வருமா என்று இப்போது தெரியவில்லை. உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரையும் வரச் சொல். சப்பாத்தை நான் வெளியே கொண்டுவந்து தர மாட்டேன். அவர்களே உள்ளே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காளும் வரட்டும். நீயும் வா, வாசகசாலை ஹாலுக்கு அப்பால் இருக்கிறது, அலமாரியில் பூட்டு இல்லை.

பலகையைக் கழற்றிய பிறகு என் சப்பாத்தையும் கழற்றிவிட்டு ஹாலைக் குறுக்காக ஒரு தடவை நடந்தேன். இத்தனை நாளில் அந்தத் தரையில் நான் வெறுங்காலோடு நடந்ததே இல்லை. மெழுகு வழுக்குகிறது.

பார்த்து நடக்கச் சொல்.

சதாசிவம்